கோழிக்குப் பல் இல்லையே என்று அரைத்தேன்

என்னைத் தீவனத்தக்கா என்று கூப்பிடுவார்கள். வயது நாற்பத்து நான்கு. பிராய்லர் கோழிப்பண்ணை நடத்துபவரின் மனைவி. பண்ணைக் கொட்டகைக்கு எதிர் வீட்டில் குடியிருக்கிறேன். பதினாறு வருடங்களாகத் தீவனம் கலப்பது நான்தான். என் கணவர் கலந்தால் சோளம் ஒரு பக்கமும் மருந்து ஒரு பக்கமுமாக நிற்கும். இந்த வழக்கில் காவலில் இருப்பவன் என் கூடப்பிறந்த தம்பி, கோழி மருந்து விற்பனையாளன். புகார் கொடுத்தவர் என் கணவர்.

சென்ற திங்கட்கிழமை காலை தம்பி ஒரு மூட்டை மூலிகைக் குருணை கொண்டுவந்து இறக்கினான். வயிற்றுப்போக்கு வராமல் காக்கும் மூலிகை எண்ணெயைக் கொழுப்புப் பூச்சுக்குள் அடைத்துக் கடுகளவு மணிகளாக ஆக்கியிருக்கிறார்கள் என்றான். அள்ளி முகர்ந்து பார்த்தேன், ஒரு வாசனையும் இல்லை. இதுவரை வந்த மூலிகைப் பொடியெல்லாம் மூட்டையைப் பிரித்ததுமே தும்மல் வரவழைக்கும். "என்னடா, மூலிகைன்னு சொல்லி மெழுகக் கொண்டாந்திருக்கியா?" என்று கேட்டேன். "வாசனை உள்ள இருக்குக்கா. வாயில கரையாது, குடலுக்குப் போய்த்தான் கரையும். அப்படியே கலந்துடு" என்றான். "குடலுக்குள்ள நீ போய்ப் பாத்துட்டு வந்தியா?" என்றேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துப் போய்விட்டான்.

அதன் பிறகு எனக்கு மனம் கேட்கவில்லை. எதையும் பிரித்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு மணியை நாக்கில் வைத்தேன், சப்பென்று இருந்தது. பல்லால் கடித்ததும் காரமும் கசப்பும் மூக்கில் ஏறிக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தம்பி ஏமாற்றவில்லை என்று சந்தோஷப்பட்டேன். உடனே இன்னொரு யோசனை வந்தது. எனக்குப் பல் இருக்கிறது, கடித்தேன். பன்னிரண்டு நாள் குஞ்சுக்குப் பல் ஏது? விழுங்கிய மணி அப்படியே பின்பக்கமாக வந்துவிடாதா? அதனால் கலவைக்கு வேண்டியதைச் சமையல் மிக்ஸியில் நைசாக அரைத்துத் தீவனத்தில் கலந்தேன். அரைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை காலை பார்த்தபோது தீவனத் தட்டுகள் வைத்தது வைத்தபடி இருந்தன. குஞ்சுகள் ஒரு கொத்து கொத்தி, தலையை உதறி, அலகைத் தரையில் தேய்த்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடின. புதன்கிழமை காலை, பசியில் மூலையில் நெருக்கியடித்து மூச்சுமுட்டி நாற்பத்தொரு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. என் கணவர் தட்டை முகர்ந்துவிட்டு, "உன் தம்பி விஷத்தக் குடுத்திருக்கான்டி!" என்று கத்தினார். நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். பயந்துவிட்டேன். அவர் நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார், மாலையில் தம்பியைப் பிடித்து வந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு வியாழக்கிழமை காலை இருபது குஞ்சுகளைத் தனியாகப் பிரித்து இரண்டு தட்டு வைத்தேன். ஒன்றில் அரைத்தது, மற்றதில் மணி மணியாக அப்படியே. முழு மணி போட்ட தட்டைக் காலி செய்துவிட்டுத் தட்டையே கொத்தின. அரைத்ததைப் போட்ட தட்டின் பக்கம் ஒன்றுகூடப் போகவில்லை. அன்று மாலை எச்சத்தைக் குச்சியால் கிளறிப் பார்த்தேன். ஒரு மணிகூட முழுதாக இல்லை. அட, குடலில் கரைந்துதான் இருக்கிறது! அந்த நேரத்திலும் எனக்கு அது அதிசயமாக இருந்தது, இருந்ததற்கு வெட்கப்படுகிறேன்.

இன்று காலை நானாக இங்கே வந்தேன். மிக்ஸி ஜாரையும் கொண்டுவந்து ஒப்படைத்திருக்கிறேன். இதை எழுதுகிறவரிடம் முகரக் கொடுத்தேன், மூன்று முறை தும்மினார்.

விசாரணையில் தம்பி, "எங்க அக்கா கலந்தா தப்பே வராது சார், அவங்கள இதுல இழுக்காதீங்க" என்று சொன்னதாக அதிகாரி சற்றுமுன் தெரிவித்தார். தப்பு என்னுடையது. அவனை விட்டுவிட வேண்டும்.

இதை எனக்குப் படித்துக் காட்டும்போது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் என் கணவருக்கும் உள்ளே அடைத்திருக்கும் தம்பிக்கும் கேட்கும்படி சத்தமாகப் படிக்கக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

படித்தார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படித்து முடித்ததும் உள்ளேயிருந்து தம்பி, "அக்கா, சாப்ட்டியா?" என்று கேட்டான். அதையும் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(கையெழுத்து)