மெதுவாக வரும் பக்கம்

“கடையில எல்லாப் பக்கமும் பறக்குது. அந்த யாழ்ப்பாணச் செய்திப் பக்கம் மட்டும் ஏன் தம்பி நொண்டுது?”

கம்பளை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்த இன்டர்நெட் கடை முதலாளி, பக்கத்திலிருந்த தம் யாழ்ப்பாணத்து டெக்னீஷியனைக் கேட்டார். பதினேழு பேர் நின்றுகொண்டு வந்தார்கள்.

“இல்லை நானா, பன்னிரண்டு கம்பியூட்டருக்கு ஒரே லைன். ஒருத்தர் திறந்த பக்கத்தைச் சேர்வர் சேமிச்சு வைச்சு மற்றவைக்கும் குடுக்குது. அதுக்கெண்டே தனி டிஸ்க் போட்டு, மெமரியும் கூட்டினனான்.”

“கண்டியிலயும் இந்த வேகமில்ல. அது சரி, இது?”

“அந்தப் பக்கத்தை மட்டும் நான்தான் சேமிக்க விடேல்லை. ஒவ்வொரு முறையும் புதுசா எடுக்கும். ஷெல்லடியில செத்த ஆக்களின்ர பேர் அதிலதான் வருது. காலமைப் பட்டியலைப் பின்னேரம் பார்த்திட்டு ஒருத்தரும் நிம்மதியா வீட்டை போகக்கூடாது. என்ர அம்மாவும் அங்கதான்.”

முதலாளி அவர் பக்கம் திரும்பினார்.

“மெதுவாவே வரட்டும். ஆரும் குறை சொன்னா, எங்கட ஆள் வேணுமெண்டே அப்பிடி வெச்சதெண்டு சொல்றேன்.”