பவளத் தொட்டியின் மோட்டார் ஓடட்டும்

டாக்டர் மாமா, கெஞ்சிக் கேட்கிறேன், இந்தத் தாளை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் காட்டவே காட்டாதீர்கள். நாளை அத்தையின் இரங்கல் கூட்டத்துக்கு நீங்கள்தான் தலைமை. இதை உங்கள் பேச்சாகவே படித்துவிடுங்கள். நான் எழுந்தால் அப்பா உட்காரச் சொல்லிவிடுவார். நீங்கள் சொன்னால் கேட்பார்.

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, கண்ணீரோடு கூடியிருக்கும் நண்பர்களே!

நம் பல்லு அக்காவை இழந்து நிற்கிறோம். அவர் செய்த பல்செட்டோடு இங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள்? கடித்தால் வலிக்கிறது என்று திரும்பத் திரும்ப வந்து நின்றீர்களே, ஒருமுறையாவது முகம் சுளித்தாரா? "குடுங்க, இன்னும் கொஞ்சம் தேய்ச்சுப் பாப்போம்" என்றுதானே கை நீட்டினார்!

அந்தக் கைதான் வீட்டுக்கு வந்ததும் கடல்நீர் நிரப்பிய பவளத் தொட்டிக்குள் போகும். "கல்லுக்கு எதுக்கு பாப்பா இவ்ளோ கரண்டு?" என்று அவருடைய அண்ணன் கேலி செய்வார். தங்கைக்குத் தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவர் பாப்பாதான். "கல்லு இல்லண்ணே, அத்தனையும் வாயி. பல்லுக்காரி வீட்டுல ஒரு வாய் பட்டினி கிடக்கலாமா?" என்பார்.

ஆம், பவளம் உயிருள்ளது. பொடிப்பொடி வாய்கள் தங்களுக்கு அடியில் தாங்களே கல் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. இரை தேடி அவற்றால் நகர முடியாது. மோட்டார் கிளப்பும் அலைதான் இரையும் மூச்சும் கொண்டுவர வேண்டும். உப்பும் சூடும் சுண்ணாம்புச் சத்தும் சட்டென்று மாறக் கூடாது. கண்ணாடிக் குழாயில் தண்ணீர் எடுத்து, மருந்துச் சொட்டு விட்டு, நிறம் பார்த்து, குறைந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார். கரண்டு போன நாளில், வரும்வரை குவளையால் மொண்டு மொண்டு ஊற்றி அலை உண்டாக்கினாரே, அது யாருக்காக?

அவர் போன அன்று, துக்க வீட்டில் இரைச்சல் கூடாது என்று மோட்டாரை நிறுத்தினார்கள். மரியாதைக்காகத்தான் நிறுத்தினார்கள். பாசத்தினால்தான் நிறுத்தினார்கள். ஆனால் நண்பர்களே, அந்த மரியாதையில் பவளம் மூச்சுத் திணறுகிறது! அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் தொட்டியைக் காலிசெய்து, பவளத்தைக் காயவைத்து, அக்காவின் படத்துக்குக் கீழே அழகுக்கு வைக்கப் போகிறார்களாம். அது அழகா? அவர் ஊட்டி வளர்த்ததைப் பிணமாக்கி அவர் காலடியிலேயே வைப்பதா? எல்லாம் போய்விடவில்லை. கிளைகளின் நுனியில் இன்னும் ஊதா நிறம் இருக்கிறது.

மாமா, இந்த இடத்தைப் படிக்கும்போது அப்பாவைப் பார்க்காதீர்கள். அவர் கெட்டவர் இல்லை. மோட்டாரைப் போடட்டுமா என்று நேற்று கேட்டேன். "வேணாம்மா. அந்தச் சத்தம் கேட்டா பாப்பா உள்ள இருக்கற மாதிரியே இருக்கு" என்றார். அவர் படுத்த பிறகு அத்தையின் அறைக்குள் தாழிட்டுக்கொண்டு, சத்தம் கேட்காதபடி மோட்டாருக்கு அடியில் துண்டை மடித்து வைத்து ஓடவிடுகிறேன். விடிவதற்குள் நிறுத்திவிடுகிறேன். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இந்த அரை மூச்சு அதற்குப் போதவில்லை மாமா. எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்துவிட்டேன். இனி நீங்கள்தான்.

ஆகவே நண்பர்களே, எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்துவோம். நாம் மௌனமாக இருப்போம், மோட்டார் மட்டும் இரையட்டும்! பல்லு அக்கா விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி ஏற்போம். உப்பு மாற விடமாட்டோம். சூடு ஏற விடமாட்டோம். அலையை நிற்க

கதவைத் தட்டுகிறார்கள். துண்டு நழுவிவிட்டது, சத்தம் கூடத்துக்குப் போயிருக்கும். அப்பாதான். என்னைக் கூப்பிடவில்லை மாமா.

"பாப்பா?" என்கிறார்.