கடிதத்தில் இல்லாத மரங்கள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் தனித்தாளில் எழுதித் தரப்பட்டுள்ளன. வயது இருபத்தாறு. பல்கலைக்கழக மாணவியர் விடுதியில், மூன்றாவது மாடி, கடைசி அறையில் வசித்து வருகிறேன். மரப்பட்டைகளில் வளரும் பாசிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். எங்களுக்கு ஜீப் ஓட்டி வந்த ஓட்டுநர், திருட்டுத்தனமாக மரம் வெட்டுபவர்களிடம் எங்களைக் காட்டிக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் பதினோரு நாட்களாகக் காவலில் இருப்பதை அறிந்து, யாரும் அழைக்காமல் நானே வந்து இதைச் சொல்கிறேன். இன்ஸ்பெக்டர் கேட்க, எழுத்தர் எழுதினார்.

சம்பவ நாளன்று காலை ஆறரை மணிக்கு நானும் என் அண்ணனும் ஓட்டுநரும் சோதனைச் சாவடியைக் கடந்தோம். அண்ணன் பள்ளியில் கணித ஆசிரியர். விடுமுறையில் எனக்குத் துணையாக வந்தார். அப்பா இறந்து ஆறு ஆண்டுகளில் நாங்கள் இருவரும் ஒரே வண்டியில் போனது அதுவே முதல் முறை. வனத்துறை எனக்குக் கொடுத்த அனுமதிக் கடிதம் ஓடை வரைக்கும்தான். ஓடைக்கு அப்பால் மரங்கள் பெரியவை, பாசியும் அதிகம். கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தது. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, "கடுதாசில அந்தப் பக்கமும் இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்றேன். அவர் கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. அண்ணன் பக்கத்தில் நின்றார். அவர் அந்தக் கடிதத்தை முந்தின நாளே படித்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஓடையைக் கடந்து நடந்தோம். பாசி எடுத்த ஒவ்வொரு மரத்திலும் சிவப்பு ரிப்பன் கட்டி எண் எழுதுவது என் வழக்கம். பெரிய மரமாகப் பார்த்து முப்பத்தொன்று கட்டினேன். ஓட்டுநர், "இதப் பாத்தா பாசி பொறுக்க வந்த மாதிரியா இருக்கு? மரம் எண்ண வந்த மாதிரில்ல இருக்கு. அவுத்துரும்மா" என்றார். ரிப்பன் இல்லாவிட்டால் மறுபடி மரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிச் சிரித்தேன். அதன் பிறகு மதியம் இரண்டு மணியளவில் நான்கு பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். இருவரிடம் துப்பாக்கி இருந்தது. ஒருவர் கையில் என் ரிப்பன்கள் கொத்தாக இருந்தன. அவர்கள் வெட்டக் குறித்து வைத்திருந்த மரங்களும் நான் தேர்ந்தெடுத்த மரங்களும் பெரும்பாலும் ஒன்றே என்று பிறகு தெரிந்தது. மரங்களைக் கணக்கெடுக்க எங்களை அனுப்பியது யார் என்று கேட்டார்கள். பாசி என்று சொன்னேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு மூன்று மணி நேரம் நடத்திச் சென்று, தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் அடைத்தார்கள். அங்கே பத்தொன்பது நாட்கள் இருந்தோம். காவல் காத்தவர் ஓயாமல் இருமுவார். இருமல்காரர் என்றே எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். முதல் நான்கு நாட்கள் கைகள் கட்டப்பட்டிருந்தன. ஒரு வேளை கிழங்கு. ஐந்தாம் நாள் அவர்களுடைய மரம் அறுக்கும் இயந்திரம் பழுதானது. வேறு இயந்திரம் அவர்களிடம் இல்லை. ஓட்டுநர் தான் சரிசெய்வதாகச் சொன்னார். இதையும் அவர்மீது குற்றமாக எழுதியிருக்கிறார்கள். அரை மணி நேர வேலை என்று எங்களிடம் மட்டும் சொன்னார். பதினான்கு நாட்கள் இழுத்தார். தினமும் கழற்றினார், துடைத்தார், பூட்டினார். இருமல்காரர் கேட்டால், "வைத்தியம் பாக்குறப்ப அவசரப்படுத்துனா நோயாளி போய்ச் சேந்துருவான் மாப்ள" என்பார். அந்த மாப்ளயை வைத்து இருவருக்கும் முன்பே பழக்கம் என்று கருத வேண்டாம். சோதனைச் சாவடிக் காவலரையும் அவர் அப்படித்தான் அழைத்தார். இயந்திரம் அவர் மடியில் இருந்தவரை எங்கள் கைகள் அவிழ்ந்திருந்தன, கிழங்கு இரண்டு வேளை வந்தது, ஒரு மரமும் விழவில்லை.

அந்த நாட்களில் வேறு என்ன செய்தீர்கள் என்று கேட்கப்பட்டது. மாலையில் நானும் அண்ணனும் நாங்கள் வளர்ந்த வாடகை வீட்டுக்குள் நடந்தோம். டயர்க் கடைக்கு மேலே இருந்த மாடி வீடு. இப்போது இடித்துவிட்டார்கள். கீழ்ப்படியில் தொடங்கி ஆளுக்கொரு பொருளாகச் சொல்லிக்கொண்டே உள்ளே போக வேண்டும், எதையும் தாண்டக் கூடாது. ரப்பர் வாசனை. ஏழாம் படியின் உடைந்த மூலை. அம்மாவின் குடை. அப்பா சவரம் செய்யும் கண்ணாடி, அதில் காய்ந்த சோப்பு நுரை. சமையலறைக்குப் போய்ச் சேரவே சில நாட்கள் ஒரு மணி நேரம் ஆனது. மூன்றாவது வாரத்தில் ஓட்டுநருக்கே வீடு அத்துப்படி. "ஜன்னலோரம் ரேடியோ இருக்குமே, அத விட்டுட்டு எங்க போறீங்க?" என்பார். ஒருநாள் வெளியில் இருந்தபடியே இருமல்காரர், அந்த ரேடியோ பாடுமா என்று கேட்டார். பாடாது என்றேன். அண்ணன், "அப்பா தட்டினா மட்டும் பாடும்" என்றார். ஆறு ஆண்டுகளில் அவர் வாயிலிருந்து அப்பா என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

பத்தொன்பதாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அவர்கள் கொட்டகையைக் காலி செய்து, எங்களை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். அண்ணனின் கால் வீங்கி அவரால் நடக்க முடியவில்லை. ஓட்டுநர் அவரை முதுகில் சுமந்தார். ஓட்டுநருக்கு வயது ஐம்பத்து மூன்று. "சோறே இல்லாம இந்தக் கனம் கனக்குறியே தம்பி" என்று ஒருமுறை சொன்னார். அதன் பிறகு மழையில் ஜீப் நின்ற இடத்துக்கு வழி தெரியாமல், இரண்டு நாள் நடந்து சோதனைச் சாவடியை அடைந்தோம்.

திரும்பி வந்த பிறகு நானும் அண்ணனும் அந்த வீட்டுக்குள் போகவில்லை. ஒருமுறை தொலைபேசியில் "கீழ்ப்படி" என்று தொடங்கினேன். சாப்பிட்டியா என்று கேட்டார்.

அண்ணன் முன்பு கொடுத்த வாக்குமூலம் இன்று எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. ஓடையைத் தாண்டச் சொன்னது ஓட்டுநர்தான் என்று அதில் உள்ளது. அது உண்மையல்ல. அனுமதியை மீறியது நான் என்று தெரிந்தால் என் ஆராய்ச்சி ரத்தாகும், என்மீது வழக்கும் வரும் என்பதால் அவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். மாணவர்களின் விடையில் ஒரு வரி விடுபட்டாலும் மதிப்பெண் குறைப்பவர் அவர்.

அதன் பிறகு ஓட்டுநரை அறைக்குள் அழைத்து வந்து, இவர்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. "தம்பிக்குக் கால் வீக்கம் வடிஞ்சிருச்சாம்மா?" என்றார்.

அண்ணன் வெளியே வண்டியில் இருக்கிறார். ஜீப்பிலிருந்து போலீஸார் எடுத்து வைத்திருக்கும் என் பையைத் திரும்ப வாங்கத்தான் நான் உள்ளே வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரை உள்ளே கூப்பிடலாம் என்று சொன்னேன்.

எழுதியதை எழுத்தர் வாசிக்க முழுவதும் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இன்றி, நடந்ததை நடந்தபடி சொல்லிக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)