அக்காவுக்கு ஓர் ஓடுற மெசின்

ட்ரெட்மில் வாங்கப் போகிறவர்கள் முதலில் மோட்டரைப் பற்றித்தான் கேட்பார்கள். அது பிழை, மேடம். முதலில் பார்க்க வேண்டியது பெல்ட்டின் அகலம். ஒடுங்கிய பெல்ட் என்றால் வயது போனவர்களின் கால் வெளியே போய்விடும். அடுத்தது, அதை வீட்டில் எங்கே வைக்கப் போகிறோம் என்பது. மோட்டரெல்லாம் அதற்குப் பிறகு. இவ்வளவையும் எனக்கு விளங்கப்படுத்தியவர் கடைக்காரர் றவூப். அவரில் ஒரு குற்றமும் இல்லை என்பதை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர். பிளேன்டீ வாங்கித் தந்து, கடையில் கிடந்த எல்லா மெசினிலும் என்னை ஏற்றி இறக்கினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நான் கடை நடுவில் நடந்த நடையை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது. இந்த இடத்தில் சிரிக்கிறேன் என்று குறை நினைக்காதீர்கள்.

என் பெயர் றெபேக்கா. கல்லடியில், வாவிப் பக்கமாக எங்கள் வீடு. அதில் நானும் என் அக்கா ஞானமலரும் மட்டும்தான். இரண்டு பேரும் கல்யாணம் முடிக்கவில்லை. அக்கா பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். நான் வீட்டிலிருந்து சமைத்தேன், தைத்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எங்களுக்குள் ஒரு சத்தம் சண்டை வந்ததில்லை. அக்கா ஓய்வு பெற்று வீட்டோடு வந்துவிட்ட அன்று நான் வட்டிலப்பம் செய்தேன். இனி நாள் முழுக்க அக்கா வீட்டில்தான் என்ற சந்தோசத்தில் சீனி கொஞ்சம் கூடிப்போயிற்று.

அதனால் வந்ததோ தெரியாது, அக்காவுக்குச் சீனி வருத்தம் வந்தது. தினமும் நடக்கச் சொல்லிக் கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். என் முழங்கால் அவ்வளவு தூரம் நடக்க விடாது. ஆகவே அக்கா தனியாகப் பழைய பாலத்துக்கு நடக்கப் போனாள்.

கொஞ்ச நாளில் அக்கா மாறிப்போனாள். காலையில் திரும்பி வரும்போதே வாசலில் பாட்டுச் சத்தம் கேட்கும். வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி வாங்கினாள். தலைக்குச் சாயம் அடித்தாள். கையில் கச்சான் கடலைப் பொட்டலம் இருக்கும். அக்கா ஒருநாளும் ரோட்டில் கச்சான் வாங்கித் தின்கிறவள் இல்லை. கேட்டேன்.

"அருமைநாயகம் எண்டு ஒருத்தர், புள்ள. செங்கலடி ஆள். இஞ்ச மகள்ட வீட்டுல வந்து நிக்கிறார். மனிசி மோசம் போயிட்டா, தாரமிழந்த ஆள். அந்த மனிசன் பேசினா சிரிச்சுச் சிரிச்சு எனக்கு நடக்க ஏலாமப் போகுதுகா."

நடக்க ஏலாமப் போகுது. இதை அக்காதான் முதலில் சொன்னாள், நான் இல்லை.

எனக்குக் கோபமே வரவில்லை. ஒரு யோசனைதான் வந்தது. நடை வேண்டும் என்றால் நடையை வீட்டுக்குள் கொண்டு வந்துவிடலாமே. மாரி வருகிறது, பாலத்தில் நாய்த் தொல்லை வேறு. யோசனை வந்த கையோடு பஸ் ஏறி றவூப்பின் கடைக்குப் போய்விட்டேன். அவ்வளவு உற்சாகம். தனக்கு மாப்பிள்ளை பார்க்கிற வீட்டில்கூட ஒரு பெண் அப்படித் துள்ளியிருக்க மாட்டாள்.

றவூப் ஒரு சின்ன மெசினைக் காட்டினார். நடக்கிறவர்களுக்கானது, ஆமை மாதிரிப் போகும். எனக்கு அதற்குப் பக்கத்தில் நின்றதுதான் பிடித்தது. கறுப்பு நிறம், அகலப் பெல்ட், மடித்து வைக்கலாம், தள்ளி நின்று வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு றிமோட்டும் உண்டு. றவூப்பின் முகம் மாறியது.

"இது ஓடுற ஆக்களுக்கு உள்ளது, அக்கா. உங்கட ஆள் நடக்கத்தானே? இவ்வளவு வேகம் எதுக்கு?"

இருக்கட்டும் என்றேன். ஒரு பொருளை வாங்கினால் நல்லதாக வாங்க வேண்டும். வாங்கும்போது என் மனதில் வேறொன்றும் இருக்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மெசின் லொறியில் வந்து இறங்கிய அன்று எங்கள் ஒழுங்கையில் அயல் வீட்டுச் சனமெல்லாம் கூடிவிட்டது. மெசினுக்குப் பின்னால் ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட வேண்டும், விழுந்தால் அடிபடக் கூடாது என்று றவூப் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் எங்கள் விறாந்தை சின்னது. இரும்பு அலுமாரி மெசினுக்குப் பின்னால்தான் வந்தது. அதை வேறு எங்கே வைப்பது, சொல்லுங்கள்.

அக்கா கைதட்டிச் சிரித்தாள். ஏறி நின்று பெல்ட் நகர்ந்ததும் கூச்சலிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டாள். மெசினோடு ஒரு சிவப்புச் சாவி வரும். அதன் கயிற்றைச் சட்டையில் கொளுவிக்கொண்டால், தடுமாறினாலும் மெசின் நின்றுவிடும். அக்காவுக்கு அது கூச்சமாக இருந்தது, கொளுவ மாட்டாள். தினமும் நான்தான் கொளுவிவிடுவேன். அவள் நடப்பாள், நான் எதிரில் கதிரை போட்டிருந்து பேப்பர் வாசித்துக் காட்டுவேன். என் வாழ்க்கையிலேயே அதைவிட நல்ல காலைகள் இருந்ததில்லை.

ஆனால் அக்கா பின்னேரங்களில் பாலத்துக்குப் போகத் தொடங்கினாள். மெசினில் காற்று வருவதில்லையாம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வரும்போது, அருமைநாயகத்தையே கூட்டி வந்துவிட்டாள், மெசினைக் காட்டவென்று. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். பெல்ட் நகர்ந்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, வள்ளத்தில் நிற்கிறவர் மாதிரி ஆடினார். அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் உண்மையிலேயே வேடிக்கையான மனிதர். வெறுக்கக் காரணம் தேடித் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவர் போன பிறகு அக்கா என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"நாங்க கல்யாணம் முடிக்கப் போறம், புள்ள. இந்த வயசுல என்ன கூத்து எண்டு ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். செங்கலடியில அவர்ட வீடு பெரிய வீடு. உனக்கும் ஒரு அறை இருக்கு. அவர்தான் முதல்ல அதைச் சொன்னவர். நீயும் வா."

நல்ல விசயம் அக்கா என்றேன். மணப்பெண்ணுக்குச் சட்டை தைத்ததும் நான்தான். வெளிர் நீலம், கழுத்தில் வெள்ளை லேஸ். அளவெடுக்கும்போது அக்கா கூச்சத்தில் நெளிந்தாள், நான் கிச்சுக் காட்டினேன், இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து சிரித்தோம். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் இருந்ததே இல்லை. எனக்கு ஒரு அறை. யோசித்துப் பாருங்கள் மேடம். என் அக்காவின் வீட்டில் எனக்கு ஒரு அறையை இன்னொருவர் தருகிறார்.

பதிவாளரிடம் கல்யாண எழுத்துக்கு நாள் வைத்தார்கள். அதற்கு முதல்நாள் காலை அக்கா வழக்கம்போல மெசினில் ஏறினாள். தலை நிறையக் கல்யாண நினைப்பு. கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டே நடந்தாள். அன்று நான் சிவப்புச் சாவியின் கயிற்றைக் கொளுவவில்லை. றிமோட் பேப்பருக்குக் கீழே என் மடியில் இருந்தது.

ஒரு சுளுக்குப் போதும் என்றுதான் நினைத்தேன். எழுத்து கொஞ்சம் பின்னுக்குப் போகும், அதற்குள் ஆளுக்கு ஆள் மனம் மாறலாம். கூட்டுகிற பொத்தானை அமத்தினேன். அக்கா கண்ணைத் திறந்து, சிரித்துக்கொண்டே கொஞ்சம் வேகமாக நடந்தாள். திரும்ப அமத்தினேன். ஓடத் தொடங்கினாள். "இஞ்ச பார், இது என்னை இழுத்துக்கொண்டு போகுதுகா" என்றாள், இன்னும் சிரிப்போடு. பிறகு சிரிப்பு நின்றது. "நிப்பாட்டு, றெபேக்கா." நிற்பாட்டுகிற பொத்தான் பக்கத்திலேயே இருந்தது. நான் கூட்டுகிற பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. அதன் உச்ச வேகம் வரை அக்கா தாக்குப்பிடித்தாள். அவளுடைய கால்கள் அவ்வளவு பலமாக இருந்தது எனக்கே பெருமையாக இருந்தது. பிறகு அலுமாரிச் சத்தம் கேட்டது.

இடுப்பெலும்பு உடைந்து, முதுகிலும் அடி. சத்திரசிகிச்சை செய்தார்கள். இனி அவளால் நடக்க முடியாது என்று டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் அழுதேன், மேடம். அது நடிப்பில்லை.

பிறகு வந்த நாட்களைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு விளங்குமோ தெரியாது. அக்காவை நானே குளிப்பாட்டினேன், தலை வாரினேன், சோறு குழைத்து ஊட்டினேன். ஒருநாள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் எதையோ மாறி அமத்திப்போட்டன் போல, புள்ள" என்றாள்.

"இருக்கும் அக்கா" என்றேன்.

அருமைநாயகம் மட்டும் வருவதை நிற்பாட்டவில்லை. மனம் மாறுவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் பதிவாளரையே வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். சக்கர நாற்காலியில் இருந்து அக்கா கையெழுத்து வைத்தாள். நான் தைத்த நீலச் சட்டைதான். அவர் அவளைப் பழைய பாலத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். போகிற வழியெல்லாம் அவர் ஏதோ சொல்ல, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தது எங்கள் வாசல் வரை கேட்டது. அந்தக் கிழமையே செங்கலடிக்குப் போய்விட்டார்கள். அக்கா போன் எடுத்து இன்னும் அந்த அறையைப் பற்றித்தான் சொல்கிறாள். நான் போகவில்லை. கூப்பிடுகிறவள் அவருடைய மனிசியாகத்தான் கூப்பிடுகிறாள்.

உங்கள் அக்காவே முறைப்பாடு தரவில்லை, நீங்கள் ஏன் பொலிசுக்கு வந்து இதைச் சொல்கிறீர்கள் என்று தொடக்கத்தில் கேட்டீர்கள். மனச்சாட்சி என்று எழுதலாம், அழகாக இருக்கும். ஆனால் எனக்கு மனம் லேசாகத்தான் இருக்கிறது. இன்று காலை தலை வாரும்போது, பல காலத்துக்குப் பிறகு, பாட்டுக்கூட வந்தது. நான் வேண்டுமென்றேதான் செய்தேன். என் அக்காவின் இடுப்பை உடைத்தது நான். இதில் எங்கே கையெழுத்து வைக்க வேண்டுமோ வைக்கிறேன்.

இனி அக்காவை நீங்கள் கூப்பிட வேண்டி வரும். அவளிடமும் வாக்குமூலம் எடுக்க வேண்டும். பிறகு கோடு, நீதிபதி. வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடும் என்கிறார்கள். இழுபடட்டும். ஒவ்வொரு தவணைக்கும் அக்கா வந்து என் கண்முன்னால் இருப்பாள், எங்கள் இரண்டு பேரையும் பற்றி மட்டுமே பேசுவார்கள்.

அந்த நேரம் அருமைநாயகத்தை வெளியில் நிற்பாட்டலாம்தானே, மேடம்?