தொண்ணூற்றொன்பதை நம்பாத மருத்துவருக்கு

கொல்லங்கோட்டு வயற்காற்றில் வளர்ந்து, ஆனைக்கரைக் குளிர்காற்றுக்குக் குடிவந்து, மூச்சு முட்டி வந்தவர்களை முகம் கோணாமல் முன்வந்து பார்த்த மூத்தவரே! இருமல் ஓசையை வைத்தே இன்னார் வருகிறார் என்று சொல்லும் இனியவரே! கைராசிக்காரர் என்று காடும் மேடும் கொண்டாடும் எங்கள் டாக்டர் மோகனசுந்தரம் அவர்களே! தங்கள் பணி ஓய்வு நாளில் குளிர்மேடு மருத்துவமனைச் சகபணியாளர்கள் வணங்கி வாசித்தளிக்கும் மடல் இது.

தங்கள் பெருமைகளை அடுக்கத் தொடங்கினால் தாங்கள் நெளிவீர்கள். மேடையை விட்டிறங்கி வார்டுக்குப் போனாலும் போய்விடுவீர்கள். ஆகவே ஒரே ஒரு காலைப்பொழுதை மட்டும் இங்கே சொல்கிறோம்.

அன்று அடைமழை. மேட்டுத் தோட்டத்து அனுப்பிரியா தன் தாய் வேலுத்தாயை ஜீப்பில் தூக்கி வந்தாள். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் தீ மூட்டிவிட்டு, சூடு குறைந்து காயின் பச்சை நிறம் போய்விடக் கூடாதென்று ஜன்னல் இடுக்குகளில் சாக்கைத் திணித்துக்கொண்டு உள்ளேயே காவலிருந்தவள் வேலுத்தாய். புகைக்குழாயில் விழுந்திருந்த விரிசலை யாரும் கவனிக்கவில்லை. விடிந்ததும் அவளுக்குத் தலைவலி, வாந்தி, தள்ளாட்டம். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டரை மகள் எடுத்து அம்மாவின் விரலில் மாட்டினாள். தொண்ணூற்றொன்பது! அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. குளிர்தான் ஏறிவிட்டதென்று பால் விடாத கட்டன் சாயா கொடுத்து, சூடாக இருக்கட்டுமென்று அதே ஸ்டோரில் மறுபடியும் படுக்கவைத்தாள். அம்மாவுக்குப் பேச்சுக் குழறிய பிறகுதான் பயந்துபோய் ஜீப்பைக் கூப்பிட்டாள்.

“ஆக்சிஜன் நல்லாத்தான் இருக்கு சார், தொண்ணூத்தொம்பது. தடுமத்துக்கு ஒரு ஊசி போட்டீங்கன்னா கூட்டிட்டுப் போயிருவேன். காயை அள்ளணும்லா” என்றாள்.

தாங்கள் எண்ணைப் பார்க்கவில்லை. வேலுத்தாயின் முகத்தைப் பார்த்தீர்கள். அவளுக்கு ஆக்சிஜன் மாஸ்க்கை இறுக்கி மாட்டிக்கொண்டே கேட்டீர்கள்: “அம்மிணி, அம்மா எங்க படுத்திருந்தாங்க?”

“ஸ்டோர்லதான் சார்.”

“இப்ப அங்க யாரு இருக்கறாங்க?”

“அப்பா இருக்காரு. அவருக்கும் தலைவலிதான். தீயப் பாக்கணும்னு இருந்துட்டாரு.”

அனுப்பிரியா அப்பாவின் எண்ணை அழைத்தாள். காளிச்சாமியின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. பக்கத்துத் தோட்டத்து ஜோஸை அவள் அழைத்ததும் போனைத் தாங்களே வாங்கினீர்கள். “ஜோஸே, ஸ்டோருக்கு ஓடுங்க! கதவத் தொறந்து போட்டு, மூச்சப் புடிச்சுட்டு உள்ள போயி ஆள வெளிய இழுங்க. மழையில நனைஞ்சாலும் பரவால்லீங்க!”

பதிலுக்குக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரம் அனுப்பிரியாவுக்கு யுகமாக நீண்டது. “அந்த மெசினு தொண்ணூத்தொம்பது காட்டுச்சே சார்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். “வண்டி நெறைஞ்சுதானுங்க இருக்குது. ஏறியிருக்கறது வேற ஆளு” என்றீர்கள்.

அதன் பொருளைத் தாங்கள் பிறகு விளக்கக் கேட்டு வாய்பிளந்தவர்கள் நாங்கள். ஒவ்வொரு நெஞ்சுக்குள்ளும் கோடிக்கணக்கான காற்று நுண்ணறைகள்! பிரித்து விரித்தால் நம் காத்திருப்புக் கூடத்தின் தரை முழுவதையும் மூடிவிடும் பரப்பு! அறையின் சுவரோ முடியைவிட எத்தனையோ மடங்கு மெலிது. அதற்கு ஒருபுறம் காற்று, மறுபுறம் ரத்தம். காவலும் இல்லை, கதவும் இல்லை. மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஆக்சிஜன் தானே கடந்து ரத்தத்தில் சேர்கிறது. உடல் கழித்த கரியமிலவாயு அதே சுவரைத் தாண்டி வெளியேறுகிறது. நாம் உறங்கும்போதும் சண்டை போடும்போதும் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஓய்வதில்லை. ஆனால் அரைகுறையாக எரியும் விறகு கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஆக்சிஜன் உட்கார வேண்டிய சிவப்பணுவில் அது இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்கிறது. ரத்தம் சிவந்தே இருப்பதால் விரலில் மாட்டிய கருவிக்கு வேறுபாடு தெரிவதில்லை. எண் நிறைந்திருக்க, உள்ளே உயிர் பட்டினி கிடக்கிறது.

போன் அலறியது. “ஆளைக் கிட்டி டாக்டரே! சுவாசம் உண்டு!” என்று மலையாளத்தில் கூவினார் ஜோஸ். அதுவரை நின்றபடியே இருந்த அனுப்பிரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தான சார் அம்மாவ மறுபடி அங்க படுக்க வச்சேன்” என்று அழுதாள்.

“சூடா இருக்கட்டும்னுதானுங்க படுக்க வெச்சீங்க. மெசினே ஏமாந்து போச்சு, நீங்க என்ன பண்ணுவீங்க அம்மிணி!”

ரத்தப் பரிசோதனை முடிவு வந்து தங்கள் சொல்லை உறுதி செய்தது. வேலுத்தாயும், ஜோஸ் கொண்டுவந்து சேர்த்த காளிச்சாமியும் தேறி நடந்தே வீட்டுக்குப் போனார்கள். எங்களுக்கோ உயிர் காத்த அறிவைவிட, அந்தப் பெண்ணின் நெஞ்சிலிருந்து பாரத்தை இறக்கிய அந்தச் சொல்தான் பெரிதாகத் தெரிந்தது. இதைச் சொல்லும்போது இப்போதும் எங்களுக்குக் கண் கலங்குகிறது.

மூச்சுக்கு முதல்வரே! ஓய்வு தங்களுக்குக் கொல்லங்கோட்டு நெல்வயலின் நல்ல காற்றாய் அமைக! நோய்நொடி நெருங்காமல், நூறாண்டும் தாண்டி, நெஞ்சு நிறைய இழுத்துவிடும் நீண்ட மூச்சோடு வாழ்க!

இன்று காலை அரங்க வாசலில் காளிச்சாமி ஓர் ஏலக்காய்ப் பொட்டலம் தந்தார். தங்களிடம் நேரில் கொடுக்கக் கூச்சமாம். இதோ அந்த முன்வரிசையில்தான் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னதை மாற்றாமல் இங்கே வாசிக்கிறோம்: “நெறம் கொஞ்சம் மட்டுதான்னு சொல்லிருங்க. இப்பல்லாம் சன்னலத் தொறந்து வச்சுத்தான் ஒணத்துதோம்.”

என்றும் தங்கள் அன்பில்,
குளிர்மேடு மருத்துவமனை ஊழியர்கள்,
ஆனைக்கரை.