பெரிய வீட்டுக்குப் போன கொடுவா

கொடுவா மீன் குழம்புக்குப் புளி கொஞ்சம் தூக்கலாக இருக்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. மாங்காய் போட்டால் இன்னும் நல்லது. எனக்குச் சமைக்கத் தெரியாது. சீனித்தாய் சொல்லித்தான் இதெல்லாம் தெரியும். அவளைப் பற்றித்தானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன்.

நான் ராஜதுரை. கழிமுகத்தை ஒட்டிய காஸ்டிக் சோடா ஆலையில் கெமிஸ்ட். ஆலைக் கழிவோடு பாதரசமும் ஓடையில் இறங்குகிறது. அது தங்கும் சேற்றைப் புழு தின்னும். புழுவையும் சேற்றையும் மடவை மீன் தின்னும். மடவையைக் கொடுவா விழுங்கும். வாய்க்கு வாய் மாறும்போது விஷம் கூடுமே தவிரக் குறையாது. ஜப்பானில் இப்படி மீன் தின்ற ஒரு கடற்கரையே கை நடுங்கி முடங்கிப் போனது, வயிற்றுப் பிள்ளைகள் உட்பட.

மேனேஜர் தளவாயிடம் இதைச் சொன்னேன். சேற்றையும் மீனையும் சோதித்த முடிவுகளை மேசையில் வைத்தேன். அவர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்டார்.

"ஏலே ராஜதுரை, கடல் எம்புட்டுப் பெருசு, நம்ம குழாய் எம்புட்டு? இங்கன வேலை பாக்கணும்னா வாயப் பொத்திக்கிட்டு இரு. எமர்ஜென்சி நடக்கு, தெரியும்லா?"

தெரியும். பொத்திக்கொண்டேன்.

ஓடையில் வலை வீசும் ரோச் அதற்குள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடிக்க ஆரம்பித்திருந்தான். "குடிச்சுக் குடிச்சுத்தான் கை ஆடுதுன்னு பங்குச் சாமியார் வையுதாரு அண்ணாச்சி. இனிமே குடிச்சாத்தான் என்ன?" என்று சிரித்தான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அவனைப் புதைத்துவிட்டார்கள். குடிகாரன் செத்தான் என்று ஊர் பேசி முடித்தது.

அதன் பிறகுதான் நான் மீன் வாங்கத் தொடங்கினேன்.

பெரிய மீன் கிடைத்தால் பெரிய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பக்கத்து மரியாதை. படியேறி வந்த மீனைத் திருப்பி அனுப்பினால் அவமரியாதை. எனக்கு அந்த இரண்டும் போதும். ஞாயிறுதோறும் ஓடை முகத்தில் பிடித்த கொடுவா ஒன்று தளவாய் வீட்டுக்குப் போனது. விஷம் வைத்தாயா என்கிறீர்கள். இல்லை. அவர் ஓடையில் விட்டதை அவர் இலைக்கே அனுப்பி வைத்தேன்.

மாதங்கள் போயின. தளவாய்க்குக் கை நடுங்கவில்லை, தொந்திதான் போட்டது. எனக்குச் சந்தேகம் வந்தது. ஒரு ஞாயிறு மீனைக் கொல்லைப் பக்கமாக எடுத்துப்போனேன். சமையல்காரி சீனித்தாய் அரிவாள்மனையோடு உட்கார்ந்திருந்தாள்.

"பெரியய்யா ஒரு துண்டு தொடமாட்டாக, அண்ணாச்சி. 'ஏளா, ஒம் மவளுக்குக் கொண்டு போ'ன்னு மொத நாள்லேருந்தே முழுசாத் தந்துருதாக. எம்மவ ஜெயசெல்வி முழுகாம இருக்காள்லா, வேற எதும் எறங்க மாட்டேங்கு. ஒங்க மீனு வந்தாத்தான் ரெண்டு வாய் திங்கா. நீங்க நல்லா இருக்கணும்."

ஆக, நான் சொன்னதைத் தளவாய் நம்பியிருக்கிறார். இந்த ஊரில் என் சோதனையை நம்பிய ஒரே ஆள் அவர்தான்.

அன்றே நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம். நிறுத்தியிருந்தால் கையில் என்ன மிஞ்சியிருக்கும்? சேற்றைக் காட்டினேன், மீனைக் காட்டினேன், யாரும் அசையவில்லை. ரோச்சைக் காட்டலாம் என்றால் அவன் குடிகாரன். பிறந்த பிள்ளையைக் குடிகாரன் என்று யாராவது சொல்ல முடியுமா?

அடுத்த ஞாயிறு இன்னும் பெரிய கொடுவாவாகப் பார்த்து எடுத்தேன். இந்த முறையும் கொல்லைக்கே கொண்டுபோனேன். மாங்காயும் வாங்கிக்கொடுத்தேன்.

ஜெயசெல்வியின் பிள்ளையை நீங்களே பார்த்தீர்கள். கழுத்து நிற்கவில்லை. விரல்கள் விரியவில்லை. நான்தான் அதை மெட்ராஸ் டாக்டர்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்தேன். ஆபீசர்கள் ஜீப்பில் வந்தார்கள். குழாயை அடைத்தார்கள். ஓடைக்கு மறுபடி கொக்கு வருகிறது. தளவாயால் முடிந்ததா? உங்களால் முடிந்ததா? தெரிந்தேதான் கொடுத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

சீனித்தாய் உங்களிடம் ஒன்றுதான் கேட்டாளாமே, அண்ணாச்சி வீட்டில் என்ன மீன் தின்பார்கள் என்று?

எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், ஐயா. எங்கள் வீட்டுக்கு மீன் இந்த ஓடை எட்டாத ஆலந்தலைக் கடலிலிருந்து வரும்.