அத்தாவைக் குளிப்பாட்டவில்லை

இரவு இரண்டு மணி. லைப்ரரியிலிருந்து பெண்கள் ஹாஸ்டலுக்குப் போகிற ரோடு. தில்லிக்கும் அந்தப் பக்கம், ஜனவரிப் பனி. விளக்குகள் எரிகின்றன, ஆனால் வெளிச்சம் தரைக்கு வரவில்லை. நுஸைபா தனியாக நடந்து போகிறாள்.

முதலில் வாசனை வந்தது.

ஈரத் தோலும் சுண்ணாம்பும். திண்டுக்கல்லில் தோல் ஷாப்புப் பக்கம் பஸ் திரும்பினாலே மூக்கைப் பொத்துவோமே... அது. தில்லிப் பக்கம் அந்த வாசனைக்கு வேலையே இல்லை.

பிறகு சத்தம். சளப்... சளப்... தண்ணீர் நிறைந்த ரப்பர் பூட்ஸோடு யாரோ நடக்கிற மாதிரி.

அவள் நின்றாள். அதுவும் நின்றது.

நுஸைபா என் தோழி பர்ஹானாவுடைய பெரியம்மா மகள். இதை பர்ஹானா என்னிடம் சொன்னாள். நான் எங்கள் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சொன்னேன், கரண்ட் போன ஒரு ராத்திரி. சொல்லக் காரணம் எங்களோடு ஹாஸ்டலில் இருக்கிற நாகஜோதி. அடுத்த வாரம் அவளுக்கும் நுஸைபா படிக்கிற அதே பல்கலைக்கழகத்தில் இன்டர்வியூ.

"சோகமா எதாச்சும் சொன்னாத்தேன் சீட்டு தர்றாய்ங்களாம்டி. எங்கப்பா கனகாம்பரத் தோட்டம் போட்டுட்டுக் கல்லுக்குண்டாட்டம் இருக்காரு. நான் சோகத்துக்கு எங்கிட்டுப் போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் தொடர்ந்தேன்.

நுஸைபாவுடைய அத்தா, அதாவது அப்பா, அப்துல் ஜப்பார். தோல் பதனிடுகிற ஷாப்பில், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை. இன்டர்வியூ ஆன்லைனில் நடந்தது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. அத்தாவின் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அவர் ஜன்னலுக்கு வெளியே வெயிலில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார்... முடிகிற வரைக்கும்.

திரையில் மூன்று பேர். கொட்டாவி விட்டார்கள். வாழ்க்கையில் சந்தித்த பெரிய கஷ்டம் என்ன என்று கேட்டார்கள். அவளிடம் சொல்லும்படி எதுவும் இல்லை. பசித்ததில்லை, யாரும் அடித்ததில்லை.

என் அப்பா இறந்துவிட்டார் என்றாள். இங்கிலீஷில்.

மூன்று பேரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்துவிட்டார் என்றாள். ஒரு அம்மா கண்ணாடியைக் கழற்றினார். நுஸைபாவுக்கு அது தைரியம் கொடுத்தது. எங்களில் மையத்தை, இறந்த உடலை, குளிப்பாட்டித்தான் அடக்கம் செய்வோம், ஆனால் தொட்ட இடமெல்லாம் தோல் கையோடு வந்தது, அதனால் என் அப்பாவைக் குளிப்பாட்டவே இல்லை என்றாள். அவளாகக் கட்டியது. கட்டக் கட்ட நன்றாக வந்தது.

ஜன்னலில் அத்தாவின் கை மட்டும் தெரிந்துகொண்டிருந்தது.

முடிந்ததும் உள்ளே வந்தார். சட்டை நனைந்திருந்தது. "ஃபாதர் ஃபாதர்னு அம்புட்டுத் தடவ சொன்னியேமா. என்னயப் பத்தியா பேசுன?"

"ஆமாத்தா."

"நல்லதாச் சொன்னியா?"

"நல்லதாத்தான் சொன்னேன்."

சீட்டு கிடைத்தது. முழு உதவித்தொகை. அத்தா டீக்கடையில் ஒருவர் விடாமல் சொன்னார்: "எம்மக என்னயச் சொல்லியே எடம் வாங்கிருச்சு."

அங்கே எல்லோரும் அவளிடம் மெதுவாகப் பேசினார்கள். அப்பா இல்லாத பெண். அத்தாவின் எண்ணை 'மாமா' என்று மாற்றி வைத்தாள். பாத்ரூமுக்குள் போய்ப் பேசினாள். கல்லூரியைப் பார்க்க ஒரு தடவை வருகிறேன் என்றார். வெளியாட்களை விட மாட்டார்கள் என்றாள்.

அதற்குப் பிறகுதான் அந்த ரோடு. அடுத்த ராத்திரி ஹாஸ்டல் மாடிப்படி. அதற்கு அடுத்து வராந்தா. காலையில் தரையில் வெள்ளையாகக் காய்ந்த தடங்கள். பெருக்குகிற அம்மா சுண்ணாம்பு என்று முகர்ந்து பார்த்துச் சொன்னார்.

நான்காவது ராத்திரி சத்தம் அவள் அறை வாசலில் வந்து நின்றது.

அவள் போர்வைக்குள் படுத்தபடியே ஊருக்குப் போன் போட்டாள். ஒரே ரிங்கில் எடுத்தார்.

"என்னமா இந்நேரத்துல?"

"அத்தா... நல்லா இருக்கீகளா?"

"எனக்கென்னமா. மேலெல்லாம் அரிப்புதேன். எம்புட்டுக் குளிச்சாலும் குளிச்சாப்ல இல்ல."

இருமினார். போனில் கேட்டது. கதவுக்கு வெளியேயும் கேட்டது.

எங்கள் மொட்டை மாடியில், இருட்டில், யாரோ என் முழங்கையைப் பிடித்தார்கள். நாகஜோதிதான். விடவில்லை.

கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. அதே குரல். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

"நுஸைபா... நான் உசுரோட இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லுமா. போயிர்றேன்."

போனில் அத்தா கேட்டார்: "ரூமுக்குள்ள யாருமா? ஆம்பளக் குரலு கேக்குது?"

பக்கத்துக் கட்டிலில் விளக்கு எரிந்தது. அறைத்தோழி எழுந்து உட்கார்ந்திருந்தாள். தில்லிப் பெண். யாரிடம் பேசுகிறாய் என்று கேட்டாள். அத்தா என்றாயே, அப்படியென்றால் அப்பா என்று நீதானே சொல்லிக் கொடுத்தாய் என்றாள். அவள் முகத்தில் சந்தேகம் வந்துவிட்டிருந்தது.

ஒரு வார்த்தைதான். சொன்னால் வாசலில் நிற்பது போய்விடும். சீட்டும் போய்விடும்.

நுஸைபா போனைக் கட் செய்தாள்.

"கனவு" என்றாள். "அப்பா இறந்துவிட்டார். உனக்குத் தெரியுமே."

வெளியே ஒரு இருமல் கேட்டது. பிறகு... சளப்... சளப்... படியிறங்கிப் போனது. அவள் அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள். நிறைய நாளைக்குப் பிறகு.

விடிந்து, வகுப்பில் இருக்கும்போது 'மாமா' என்று போன் வந்தது. பேசியது அம்மா. அத்தா வெள்ளனே வேலைக்குப் போனார், தொட்டி விளிம்பில் கால் வழுக்கிவிட்டது. தூக்கிய ஆட்களின் கையெல்லாம்... அம்மாவால் முடிக்க முடியவில்லை. "குளிப்பாட்ட முடியலமா" என்று மட்டும் சொன்னார்.

நுஸைபா ஊருக்கு வரவில்லை. லீவு கேட்க முடியாது. அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டாரே. பிற்பகல் அவளுக்கு லேப் இருந்தது. போனாள். அழுதால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அழவில்லை.

"அம்புட்டுத்தானா?" என்றாள் நாகஜோதி.

இன்னும் ஒன்று இருக்கிறது. அத்தாவை வெறுங்காலோடுதான் தூக்கினார்களாம். தொட்டித் தண்ணீரை முழுவதும் இறைத்துப் பார்த்தும் பூட்ஸ் கிடைக்கவில்லை. பர்ஹானா மையத்து வீட்டில் இருந்தவள், அவளுக்குத் தெரியும்.

அன்று மாலை நுஸைபா லேப் முடிந்து அறைக்கு வந்தாள். அறைத்தோழி வாசலிலேயே நின்றிருந்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

இது யாருடையது, காலையில் நீ வகுப்புக்குப் போனதிலிருந்து இங்கேயே இருக்கிறது என்றாள்.

ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். விளிம்பு வரைக்கும் வெள்ளைத் தண்ணீர். நுனி இரண்டும் அறையைப் பார்த்து.